முட்டை பொரிப்பதற்குள்

பெத்லகேம் பகுதி, ஆம்பூர்
குருத்தோலை ஞாயிறுக்கு முந்தைய வெள்ளி

கெசியாவின் அப்பாவுக்கு,

மெர்சி எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் பிள்ளையும் சுகம். உங்கள் சுகத்துக்கும் ஜெபிக்கிறோம். கடிதம் என்றால் இதை முதலில் எழுத வேண்டும் என்று என் அப்பா பழக்கிவிட்டார், எழுதிவிட்டேன். இனி எழுதப்போவது எல்லாம் கோபத்தில் எழுதுவது. ரூமுக்குப் போய் உட்கார்ந்து படியுங்கள். பேக்கிங் லைனில் நின்றுகொண்டு படிக்க வேண்டாம்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் நான் வாயைத் திறந்தால் உங்களுக்கு உடனே நெட் போய்விடுகிறது. "மெர்சி, கட் ஆவுது, கட் ஆவுது" என்கிறீர்கள். கெசியாவிடம் பூச்சிக் கதை பேசும்போது மட்டும் நீங்கள் இருக்கிற எத்தியோப்பியா பக்கத்துத் தெரு மாதிரி தெளிவாகக் கேட்கிறது. அதுவும் போன் எப்போதும் அவள் கையில்தான் இருக்கும். நான் கேட்க வேண்டியதை அவள் காது படக் கேட்க முடியாது. கஃபார் பாய் லீவு முடிந்து உங்கள் கம்பெனிக்கே திரும்பி வருகிறார். எலுமிச்சை ஊறுகாயோடு இதையும் அவர் பையில் வைக்கிறேன். இதை உங்களால் கட் பண்ண முடியாது.

முதலில் எழுதிய தாளில் உங்களை நீ, வா, போ என்று எழுதிவிட்டேன். கிழித்துப் போட்டேன். உங்கள் மேல் மரியாதை மிச்சமிருக்கிறது என்று நினைக்க வேண்டாம். கஃபார் பாய் பையில் போகிற கடிதம், யார் கண்ணிலாவது பட்டால் மானம் போகும் என்றுதான்.

விஷயத்துக்கு வருகிறேன். புதன்கிழமை கஃபார் பாய் வீட்டுக்கு இட்லி மாவு கொடுக்கப் போனேன். பில்கிஸ் அவருக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "இன்னா மெர்சிக்கா, அண்ணனுக்கு ஒண்ணுமே கட்டலியா? இவரோட குடுத்தனுப்பு. இன்னும் ரெண்டு வருஷம் ஜாஸ்தி ஆயிப்போச்சே, அங்க மிளகாத்தூளு கூட ஒழுங்கா கிடைக்காதாம்" என்றாள். யாருக்கு ரெண்டு வருஷம் என்று கேட்டேன். உள்ளே கஃபார் பாய் இருமுகிற சத்தம் கேட்டது. பாவம் அந்தப் பெண், பொய் சொல்லத் தெரியாதவள். ஜனவரியிலேயே உங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நாளில் கையெழுத்து ஆனது என்று மெதுவாகச் சொன்னாள். நான், "ஆமாம், அவர் சொன்னாரு, எனக்குத்தான் மறந்துபோச்சு" என்று சொல்லிவிட்டு மாவுப் பாத்திரத்தைக் கொடுக்காமலேயே திரும்பி வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து உங்கள் தம்பிக்குப் போன் போட்டேன். ஆல்வினுக்கும் தெரிந்திருக்கிறது. "அண்ணன் பாவம் அண்ணி. உங்க வாய்க்குப் பயந்துக்கினுதான் சொல்லல. இன்சார்ஜ் போஸ்ட் குடுக்கறாங்க, வுட்டா வேற ஆளு வந்துடுவான்" என்கிறான். ஊரில் எல்லோருக்கும் தெரியும். கட்டிய பெண்டாட்டி ஒருத்திதான் காதில் பூ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

நீங்கள் ஜனவரியில் என்னிடம் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நான் கத்தியிருப்பேன். ஒரு வாரம் பேசாமல் இருந்திருப்பேன். உங்கள் அக்காவரை இழுத்துத் திட்டியிருப்பேன். அப்புறம் சரி என்றிருப்பேன். ஷூ கம்பெனியில் இன்சார்ஜ் என்றால் என்ன என்று எனக்குத் தெரியாதா? தையல் மிஷினில் உட்கார்ந்து ஷூவின் மேல்தோல், அப்பர் தைக்கிறவள் நான். அந்த நாற்காலிக்கு ஆட்கள் எப்படி முட்டிக்கொள்கிறார்கள் என்று தினம் பார்க்கிறேன். வேலைக்காக இருந்தீர்கள் என்று கோபமே இல்லை. கையெழுத்துப் போட்டது ஜனவரியில். பிப்ரவரியில் அந்தப் பிள்ளையிடம், அந்தப் பூச்சி பாக்யா மிஸ்ஸின் முட்டை பொரிப்பதற்குள் அப்பா வந்துவிடுவேன் என்று சொன்னீர்களே, அதற்குத்தான் கோபம். வரமாட்டேன் என்று அங்கே எழுதிக் கொடுத்துவிட்டு, வருவேன் என்று இவளிடம் சொல்லியிருக்கிறீர்கள்.

உங்களுக்கு அது ஒரு பேச்சு. போனை வைத்ததும் மறந்திருப்பீர்கள். இங்கே அது என்னவாக இருக்கிறது என்று தெரிய வேண்டும் என்பதற்காக ஆரம்பத்திலிருந்து எழுதுகிறேன்.

நவம்பர் லீவில் நீங்கள் வந்தது எங்கள் இரண்டு பேருக்காகவும் என்று நினைத்தேன். நீங்கள் அப்பாவும் மகளுமாகப் பின்கட்டு முருங்கை மரத்தடியிலேயே குடியிருந்தீர்கள். அங்கேதான் அந்தக் கும்பிடுபூச்சி கிடைத்தது. அப்போது அது பாதி வளர்ந்த குட்டி, பச்சைக் குச்சி மாதிரி இருந்தது. உடம்பை அசைக்காமல் தலையை மட்டும் திருப்பி நம்மைப் பார்க்கிறதே, எங்கள் பாக்யலட்சுமி மிஸ் போர்டில் எழுதிக்கொண்டே இப்படித்தான் பார்ப்பார் என்று கெசியா சொல்ல, அதற்குப் பாக்யா மிஸ் என்று பேர் வைத்தீர்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அதை மறைக்கவில்லை.

எப்படிக் கையில் எடுப்பது என்று நீங்கள் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததை நான் சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். மேலேயிருந்து பிடிக்கக் கூடாது, அதுக்கு மேலேயிருந்து வருவது எல்லாம் காக்காதான். முதுகையோ இடுப்பையோ இரண்டு விரலால் அழுத்தினால் உள்ளே நசுங்கிவிடும். அதன் முன்னால் கையைத் தட்டையாக வைத்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும், வேண்டுமானால் பின்னாலிருந்து ஒரு விரலால் லேசாகத் தொடலாம், அது தானாக ஏறும். நின்றுகொண்டு எடுக்கக் கூடாது, தரையில் உட்கார்ந்துதான் எடுக்க வேண்டும், விழுந்தால் வயிறு கிழிந்துவிடும். முகத்தில் ஊதக் கூடாது. முன்காலை விரித்துக்கொண்டு ஆடினால் அதற்குப் பயம் என்று அர்த்தம், விட்டுவிட வேண்டும். முள்காலால் விரலைப் பிடித்துக்கொண்டால் கையை உதறாதே, வலிக்கும்தான், பொறுத்துக்கொண்டால் அதுவே விடும். இவ்வளவு பொறுமையாக நீங்கள் பேசி நான் கேட்டதே இல்லை. அடுப்பில் பால் பொங்கியதைக்கூடக் கவனிக்காமல் நின்றேன்.

நீங்கள் விமானம் ஏறிவிட்டீர்கள். சட்டம் எல்லாம் எங்களுக்கு. கம்பெனி வேனிலிருந்து இறங்கி வீட்டுக்குள் வந்தால் கெசியா வாசலிலேயே மறிப்பாள். "அம்மா, கைய காட்டு. சொல்யூஷன் நாத்தம் அடிக்குது. அதோட டப்பா கிட்ட போகாத" என்பாள். நாளெல்லாம் மிஷின் பக்கத்தில் தோல் ஒட்டுகிற சொல்யூஷன் தடவுகிற இடத்தில் இருந்தால் கையில் மல்லிகை வாசனையா வரும்? சோப்பும் போடக் கூடாதாம், அந்த வாசனையும் ஆகாதாம், அப்பா சொன்னாராம். சொந்த வீட்டில் ஒரு கண்ணாடி டப்பாவைத் தாண்டிப் போக எனக்குப் பர்மிஷன் வேண்டியிருந்தது.

டிசம்பரில் அது தலைகீழாகத் தொங்கித் தோல் உரித்ததே, நினைவிருக்கிறதா? அப்போது தொட்டால் செத்துப்போகும், டப்பாவை யாரும் நகர்த்தாதீர்கள் என்று நீங்கள் ஒரு மணி நேரத்துக்கு மேல் வீடியோவில் இருந்தீர்கள். அதே வாரம் எனக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குப் போனேனா என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போனைக் கெசியாவிடம் கொடுக்கச் சொன்னீர்கள். இதைச் சொன்னால் பூச்சியோடு போட்டி போடுகிறாயா என்று சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தம்பி செய்ததையும் எழுதிவிடுகிறேன், அவன் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டான். கிறிஸ்துமஸ் அன்றைக்கு ஆல்வின் வந்தான். "இன்னாடி இது, கும்பிடுது" என்று சொல்லி முதுகைப் பிடித்துத் தூக்கினான். அது திரும்பி முள்காலால் அவன் கட்டைவிரலைக் கிழித்துவிட்டது. பிள்ளை உதறாதீங்க சித்தப்பா என்று கத்துவதற்குள் உதறிவிட்டான். சிமெண்டுத் தரையில் விழுந்து அதன் பின்கால் ஒன்று போய்விட்டது. கெசியா வந்தவன் என்றும் பார்க்காமல் வெளிய போங்க என்று சொல்லிவிட்டாள். ஆல்வினுக்கு முகம் சுருங்கிவிட்டது. அவனுக்குக் கேக்கைக் கொடுத்துச் சமாதானம் செய்தவள் நான். கெசியாவுக்குச் சமாதானம் சொன்னவளும் நான். அடுத்த முறை தோல் உரித்தபோது அந்த இடத்தில் சின்னதாக ஒரு கால் முளைத்து வந்தது. அன்றைக்கு அவள் சாப்பிடாமல் ஸ்கூலுக்கு ஓடினாள், எல்லோரிடமும் சொல்ல வேண்டும் என்று.

முருங்கையில் பிடித்த ஆண் பூச்சி ஒன்றை நீங்கள் சொன்னபடி அதோடு விட்டாள், ஜனவரி கடைசியில் பாக்யா மிஸ் குச்சியில் முட்டைக்கூடு வைத்தது. பிப்ரவரியில் செத்துப்போனது. முட்டை வைத்த கொஞ்ச நாளில் வயதாகிப் போய்விடும் என்று நீங்கள் முன்பே சொல்லி வைத்திருந்தும் கெசியா அழுதாள். அழுதுகொண்டே உங்களுக்குப் போன் போட்டாள். அப்போதுதான் சொன்னீர்கள். நான் பக்கத்தில்தான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். "அழாதடா. வெயில் ஏறினா முட்டை பொரிக்கும். ஈஸ்டர் கிட்டத்துல பொரிக்கும். அதுக்குள்ள அப்பா வந்துடுவேன். குட்டிங்களை நாம ரெண்டு பேரும் கையில ஏத்திக்கலாம்." அழுகிற பிள்ளையை நிறுத்த வேறு வழி தெரியவில்லை என்று சொல்வீர்கள். அழட்டுமே. பூச்சிக்காக அழுத பிள்ளை இரண்டு நாளில் எழுந்து விளையாடியிருக்கும்.

கையைக் கூப்பிக்கொண்டு நிற்பதால் அது கும்பிடுகிறது என்று நினைத்துவிடாதே, இரையைப் பிடிக்கத்தான் அப்படி நிற்கிறது என்று அவளுக்கு நீங்கள்தான் சொல்லிக்கொடுத்தீர்கள். போனில் ஒவ்வொரு தடவையும் எனக்கு ஸ்தோத்திரம் சொல்கிறீர்களே, அப்போதெல்லாம் இந்தக் கையெழுத்தைப் பின்னால் வைத்துக்கொண்டுதான் சொன்னீர்களா?

கெசியா உங்கள் பச்சைச் சட்டையை எடுத்து வெயிலில் போட்டு வைத்திருக்கிறாள். ஸ்கூலில் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். பாக்யலட்சுமி மிஸ்ஸே என்னைப் பார்த்து, அவள் அப்பா ஈஸ்டருக்கு வருகிறாராமே என்று கேட்கிறார். நான் தலையை ஆட்டினேன். வேறு என்ன செய்ய?

ஆகவே இதுதான் என் வார்த்தை. முட்டை எந்த நாளும் பொரிக்கலாம். அதற்கு முன்னால் வந்து சேருங்கள். ஒரு வாரம் லீவு போதும். இன்சார்ஜ் ஆகிறவருக்கு ஒரு வாரம் தரமாட்டார்களா? வர முடியாது என்றால் அதை நீங்களே பிள்ளையிடம் சொல்லுங்கள். உங்களுக்காக நான் சொல்லமாட்டேன்.

மெர்சி


பரிசுத்த வாரம், செவ்வாய்

கஃபார் பாய்க்கு டிக்கெட் தள்ளிப்போய்விட்டது. ஒட்டி வைத்த உறையைப் பிரித்துத் திரும்ப எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை எழுதியது எல்லாம் இப்போது படித்தால் சின்னக் கோபமாகத் தெரிகிறது.

நேற்று லைனில் மெட்டீரியல் வரவில்லை என்று மதியமே எங்களை அனுப்பிவிட்டார்கள். வீட்டில் நான் மட்டும்தான். கெசியா ஸ்கூலுக்குப் போயிருந்தாள். முட்டைக்கூடு வைத்த பெட்டியைத் துடைக்கலாம் என்று உட்கார்ந்தேன். எந்தப் பெட்டி என்று உங்களுக்குத் தெரியும். மாசி மாதம் கஃபார் பாய் லீவில் வந்தபோது கெசியாவுக்கு உங்கள் கம்பெனி ஷூ கொடுத்து அனுப்பினீர்களே, அந்தப் பெட்டி. ஷூ அவளுக்குக் காலில் ஏறவில்லை. நவம்பரில் பார்த்த கால் அளவுக்கு அனுப்பியிருந்தீர்கள், பிள்ளை அதற்குள் வளர்ந்துவிட்டாள். அது இருக்கட்டும். அப்போது கண்ணாடி டப்பாவில் எறும்பு வந்துவிட்டது என்று அவள் சொன்னாள். நீங்கள்தான் வீடியோவில், "அப்பா அனுப்பின பெட்டி இருக்குதுல்ல, அதுல குச்சியோட வை. மூடியில ஓட்டை போடு. முக்காலி மேல வச்சு, முக்காலி காலுங்களைத் தண்ணிக் கிண்ணத்துல வச்சிடு, எறும்பு ஏறாது" என்றீர்கள். ஒன்று விடாமல் அப்படியே செய்தாள். தினமும் காலையில் இரண்டு சொட்டுத் தண்ணீர் தெளிப்பதும் நீங்கள் சொன்னபடிதான்.

மூடியைத் திறந்தேன். உள்ளே ஒட்டியிருந்த டிஷ்யூ பேப்பர் தண்ணீரில் நனைந்து ஒரு மூலை தொங்கியது. லேசாக ஒரு நெடி வந்தது. அந்த நெடி எனக்குத் தெரியும். பேப்பரைப் பிரித்தேன். மூடியின் உள்பக்கத்தில், பெட்டியில் பூசணம் பிடிக்காமல் இருக்க ஒட்டுவோமே, அந்த வெள்ளை ஸ்டிக்கர், ஒட்டிய மாதிரியே அப்படியே இருந்தது.

படித்ததும் இந்தத் தாளைக் கீழே வைத்திருப்பீர்கள். எடுத்து மேலே படியுங்கள். எங்கள் கம்பெனியில் பேக்கிங் பெண்கள் அதைக் கையுறை போட்டுக்கொண்டுதான் எடுப்பார்கள், அந்தக் கையோடு கண்ணைத் தேய்க்கக் கூடாது என்று சுவரிலேயே எழுதி வைத்திருக்கிறது. கப்பலில் மாதக்கணக்கில் போகிற தோலில் ஒரு பூச்சி, ஒரு பூசணம் உயிரோடு இருக்கக் கூடாது என்பதற்காகவே செய்தது. ஆம்பூரில் எந்த வீட்டில் ஷூ பெட்டி இல்லை? வளையல் வைக்க, நூல் வைக்க, கரண்ட் பில் வைக்க எல்லாவற்றுக்கும் அதுதான். வீட்டுக்குள் பெட்டி வந்தால் முதல் வேலையாக அந்த ஸ்டிக்கரைப் பிய்த்து எறிவோம். என்னை அதற்குப் பழக்கியதே நீங்கள்தான், கல்யாணமான புதிதில். பிய்க்காமல் நான் பெட்டியில் கருவேப்பிலை வைத்துவிட்டேன் என்று எவ்வளவு சத்தம் போட்டீர்கள். அந்த ஸ்டிக்கரை ஒட்டுகிற லைனுக்கு மேஸ்திரியாக நிற்கிற ஆள் நீங்கள். நீங்கள் அனுப்பிய பெட்டி, நீங்களே பிய்த்திருப்பீர்கள் என்று நம்பித்தான் நான் திறந்து பார்க்கவில்லை.

ஒருவேளை ஒன்றும் ஆகியிருக்காது என்று நினைத்தேன். பூச்சி வேறு, முட்டை வேறு, கூடு கெட்டியாகத்தானே இருக்கிறது என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மனசு கேட்கவில்லை. நூல் வெட்டுகிற கத்தரியை எடுத்துக் கூட்டின் ஓரத்தில் நகக்கண் அளவு வெட்டிப் பார்த்தேன். உள்ளே ஈரமே இல்லை. வரிசை வரிசையாகப் பழைய சீரகம் மாதிரிக் காய்ந்து கிடந்தது. விரலில் எடுத்தால் தூளாக உதிர்ந்தது. இனி எந்த வெயில் ஏறினாலும் அது பொரிக்கப்போவதில்லை.

அப்புறம் நான் என்ன செய்தேன் தெரியுமா? வாசலில் ஸ்கூல் ஆட்டோ சத்தம் கேட்கிற நேரம் ஆகிவிட்டது என்று பதறி, வெட்டிய துண்டை எடுத்து, வீட்டுத் தையல் டப்பாவிலிருந்த சொல்யூஷனைத் தொட்டு, அதே இடத்தில் ஒட்டினேன். அப்பர் ஒட்டுகிற மாதிரி, பிசிறு தெரியாமல், விரலால் அழுத்திப் பிடித்து ஒட்டினேன். ஸ்டிக்கரைக் கிழித்து அடுப்பில் போட்டேன். சொல்யூஷன் வாசனை தெரியாமல் இருக்கக் கையைப் புளி போட்டுத் தேய்த்தேன். கெசியா வந்து பெட்டியைத் திறந்து பார்த்து மூடினாள். ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. என் வேலை அவ்வளவு சுத்தம். பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். உங்கள் பொய்க்கு என்னையும் ஒட்டு போட வைத்துவிட்டீர்கள். அதற்காக உங்களை நான் எப்போது மன்னிப்பேன் என்று தெரியவில்லை.

நேற்று ராத்திரி முழுக்க எனக்குள் ஓடியதை எழுதுகிறேன். உங்களுக்கு எவ்வளவு வசதியாகப் போய்விட்டது பாருங்கள். முட்டை பொரிப்பதற்குள் வருவேன் என்றீர்கள். முட்டை பொரிக்காது. இரண்டு வருஷம் கழித்து வந்தாலும் நீங்கள் சொன்ன சொல் தவறாதவர்தான். இனி உங்களை யாரும் ஒன்றும் கேட்க முடியாது. அதுவும் உங்கள் கம்பெனிப் பெட்டியாலேயே நடந்திருக்கிறது. வேண்டுமென்று செய்திருந்தால்கூட இவ்வளவு கச்சிதமாக வந்திருக்காது. நீங்கள் வேண்டுமென்று செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். நீங்கள் கெட்டவர் இல்லை, மறப்பவர். அது எனக்குப் பழகிவிட்டது. பிள்ளைக்கு இன்னும் பழகவில்லை.

உண்மையைச் சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன். அப்பா அனுப்பிய பெட்டியில்தான் செத்தது என்று அவளிடம் எப்படிச் சொல்வது? அந்தப் பெட்டியின் மூடியில் அவள் கலர் பென்சிலால் உங்கள் படம் வரைந்து வைத்திருக்கிறாள். குருத்தோலை ஞாயிறு அன்று சர்ச்சில் கொடுத்த ஓலைச் சிலுவையை எடுத்து வந்து அதன் மேல்தான் வைத்திருக்கிறாள்.

இன்று காலையில் நடந்ததை மட்டும் எழுதிவிட்டு முடிக்கிறேன். இதைத்தான் போனில் சொல்ல முடியாது.

அவள் எழுந்ததும் வெறும் தண்ணீரில் கை கழுவினாள். தரையில் உட்கார்ந்தாள். மூடியைத் திறந்து, கையைத் தட்டையாகக் கூட்டின் முன்னால் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள். தினமும் இப்படித்தான் செய்கிறாள். வெளியே வருகிற குட்டிகள் முதலில் அவள் கையில் ஏற வேண்டுமாம். பிறகு குனிந்து பெட்டிக்குள் ஏதோ சொல்லிவிட்டு மூடினாள். நான் டிபன் கட்டிக்கொண்டிருந்தேன். முகத்தைப் பார்க்காமல், இன்னும் பொரிக்கவில்லையே, உனக்குக் கஷ்டமாக இருக்கிறதா என்று கேட்டேன். பொரிக்காமலே போய்விட்டால் என்ன செய்வாய் என்று அப்படியே மெதுவாகப் பேச்சைக் கொண்டுபோகலாம் என்று இருந்தேன். அவள் சிரித்தாள். "இல்லம்மா, சந்தோஷம்தான். இன்னிக்கும் பொரிக்கல. அப்பாவுக்கு இன்னும் டைம் இருக்கு" என்றாள். குனிந்து என்ன சொன்னாய் என்று கேட்டேன். அப்பா வரும்வரைக்கும் யாரும் வெளியே வராதீர்கள் என்று தினமும் சொல்கிறாளாம்.

நான்தான் முட்டாள் மாதிரி நினைத்துக்கொண்டிருந்தேன், பிள்ளை பூச்சிக்குட்டிகளுக்காகக் காத்திருக்கிறாள் என்று. அது பொரித்துவிடக் கூடாதே என்றுதான் இத்தனை நாள் காத்திருந்திருக்கிறாள். உங்களுக்காக அந்தக் கூட்டை அவள் தினமும் கெஞ்சிக்கொண்டிருக்கிறாள். அதுவும் பேச்சைக் கேட்கிறது என்று அவளுக்கு நம்பிக்கை.

வெள்ளிக்கிழமை இரண்டு வழி கொடுத்திருந்தேன். ஒன்று வாருங்கள், இல்லையென்றால் நீங்களே போனில் சொல்லுங்கள் என்று. இரண்டாவது வழி இனி இல்லை. போனில் சொல்லக் கூடாது. வாருங்கள். ஒரு வாரம் வேண்டாம், மூன்று நாள் வாருங்கள். ஷூ, சாக்லேட், பொம்மை எதுவும் வேண்டாம், பெட்டியில் வைத்து எதையும் எடுத்து வராதீர்கள். வந்து அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, இரண்டு வருஷம் போவதையும் சொல்லுங்கள், ஸ்டிக்கரையும் சொல்லுங்கள். உங்கள் வாயால் சொல்லுங்கள். அதுவரை அந்தப் பெட்டியை நான் பார்த்துக்கொள்கிறேன். எத்தனை ஒட்டு போட வேண்டுமானாலும் போடுகிறேன். ஆனால் அது எவ்வளவு நாள் தாங்கும் என்று எனக்குத் தெரியாது.

சொன்ன பிறகு அவள் கோபப்படுவாள். என் பிள்ளை, என் வாய்தான் இருக்கும். அப்போது ஓடிப்போய் அவளைத் தூக்கிவிடாதீர்கள், கட்டிப் பிடித்து அமுக்காதீர்கள். அவள் ஆடினால் விட்டுவிடுங்கள். கையில் அடித்தால் உதறாதீர்கள், வலித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கையை அவள் முன்னால் வைத்துவிட்டு உட்கார்ந்திருங்கள். எவ்வளவு நேரமானாலும் உட்கார்ந்திருங்கள். அவளாக ஏறட்டும்.

ஊறுகாயில் உப்பு கொஞ்சம் ஜாஸ்தி. கோபத்தில் போட்டது. சோற்றில் பிசைந்து சாப்பிட்டால் தெரியாது.

கர்த்தர் உன் போக்கையும் உன் வரத்தையும் காப்பார் என்று சங்கீதத்தில் இருக்கிறது. உங்கள் போக்கைக் கர்த்தர் இத்தனை வருஷம் காத்தது போதும். இனி வரத்தைக் காக்கட்டும்.

மெர்சி